செல்வி முத்துத்தாய் அவர்கள்

மைக்கு இருந்துச்சு. கரண்டு இருந்துச்சு. பாலத்து மேல, கோரிப்பாளையம் முக்குல, ஆத்து மணல்ல மூங்கில் நட்டு அதுலன்னு எங்க பாத்தாலும் மைக்செட்டுக் குழாய் கட்டியிருந்தாங்க. பேசுறதுக்குன்னே காலேசுல சேந்து படிக்கிற பிள்ளைக ஒரு பந்தல் நெறைய உக்காந்திருந்துச்சுக. இம்புட்டும் இருந்து, தொலஞ்சு போன எங்க அக்கா மகளை ஒரு தடவை ஒழுங்காக் கூப்பிட ஆளில்லைன்னா நம்புவீங்களா? எங்க ஊர்ல யாரும் நம்பலை. வெள்ளைத்துரை வெயில்ல நின்னுட்டு வந்து என்னத்தையோ உளறுறான்னாங்க. உளறுனது நான் இல்லை. அதுக்குன்னே படிச்சவுங்க வேற.

எண்பத்திமூணாம் வருசம் சித்திரைத் திருவிழா. எங்க அக்கா சோணையம்மா, அது மகளுக்கு ஆத்துல மொட்டை போடுறதா அழகருக்கு வேண்டியிருந்துச்சு. நான் தாய்மாமன், எம் மடியில வச்சுத்தான் போடணும். மச்சான் மொக்கைச்சாமி மேலூர்ப் பக்கம் கல்லு குவாரியில வேலை பாக்குறவரு, அவரால வர முடியலை. "பிள்ளை ஒம் பொறுப்பு மாப்ள"ன்னு பஸ் ஏத்தி விட்டாரு. அதிகமாப் பேசாத மனுசன். பேசாத மனுசன்கிட்டப் போயி, ஒம் பிள்ளையைக் காணோம்னு எப்படிச் சொல்றது? அன்னைக்குப் பூரா எனக்கு அந்த நெனப்புத்தான்.

அழகர் ஆத்துல எறங்கியாச்சு. மொட்டை போட்டாச்சு, சந்தனம் பூசியாச்சு, காது குத்தியாச்சு, புதுச் செவப்புக் கவுனும் மாட்டியாச்சு. ஒரு நீர்மோர்ப் பந்தல்ல நின்னு மோரு குடிச்சோம். பிள்ளை அக்காகிட்ட நிக்கிதுன்னு நான். எங்கிட்ட நிக்கிதுன்னு அக்கா. அழகருக்குத் தண்ணி பீய்ச்சுற கூட்டம் ஒண்ணு கொட்டு அடிச்சுக்கிட்டு எங்க ஊடால பூந்து போச்சு. போயி முடிச்சதும் பாத்தா, ரெண்டு பேருகிட்டயும் பிள்ளை இல்லை.

அந்த ஆத்துல மொட்டைப் பிள்ளையைத் தேடுனவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். எங்க பாத்தாலும் மொட்டை, எல்லாத்துலயும் சந்தனம். செவப்புக் கவுனும் அந்த வருசம் அம்புட்டு வித்திருக்கான் போல. ஓடி ஓடி ஒவ்வொரு பிள்ளையாத் திருப்பிப் பாத்து, அது அப்பன்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டே போனேன். அக்கா வாயில சேலையை வச்சு அமுக்கிக்கிட்டே பின்னாடி வந்தா. அந்த வருசம் ஆத்துக்குள்ள மணல் அள்ளுன பள்ளத்துலயெல்லாம் தண்ணி கெடந்துச்சு. அதை ரெண்டு பேருமே பாத்தோம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை.

"அழாத. தொலஞ்ச பிள்ளைக பந்தல் இருக்குல்ல, மைக்குல சொல்லிட்டா வந்துரும்"னு அக்காவைக் கூட்டிட்டுப் போனேன்.

வருசா வருசம் அந்தப் பந்தலை வியாபாரி ஒருத்தர்தான் பாத்துக்கிருவாரு. கரகரன்னு தொண்டை. "ஏய், பச்சைச் சட்டைப் பையனுக்கு யாருப்பா ஆளு, பிள்ளை அழுகுது, ஓடியா"ம்பாரு. அம்புட்டுத்தான் அவரு பேச்சு. ஓடியாந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. அந்த நம்பிக்கையிலதான் போனேன். போனா, பந்தல் வாசல்ல ஒரு துணி கட்டியிருக்கு: "தென்பாண்டிப் பல்கலைக்கழகம், மக்கள் தொடர்பியல் மற்றும் மேடைப் பேச்சுத் துறை. தொலைந்தோர் அறிவிப்புச் செய்முறைத் தேர்வு. அனைவரும் வருக."

வாசல்ல மேசை போட்டு, கண்ணாடி மாட்டுன பையன் ஒருத்தன் உக்காந்திருந்தான். சிவனாண்டின்னு நெஞ்சுல அட்டை குத்தியிருந்தான். செல்லம்பட்டிப் பக்கத்துப் பையன், மொகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனா பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சு இல்லை.

"வணக்கம். நீங்கள் அனுப்புநரா, பெறுநரா?"

அக்கா முழிச்சா. "நான் அவ ஆத்தா, தம்பி."

"அதில்லை அம்மா. செய்தியை அனுப்புகிறவர் அனுப்புநர். வாங்குகிறவர் பெறுநர். இந்த ஒலிபெருக்கி ஊடகம்."

"அப்ப எம் பிள்ளை?"

பையன் கொஞ்சம் யோசிச்சான். "குழந்தை செய்தி" அப்படின்னான். "செய்தியின் பெயர் என்ன?"

அக்கா என்னையப் பாத்தா. இங்க ஒண்ணு சொல்லியாகணும். பிள்ளைக்கு வச்ச பேரு முத்துத்தாய். அது மச்சானைப் பெத்த தாய் பேரு. மாமியா பேரை எங்க அக்கா வாயில எடுக்க மாட்டா. ஆத்தா பேரைச் சொல்லிப் பிள்ளையை வாடி போடின்னு வைய மச்சானுக்கும் நாக்கு வராது. அதனால பொறந்த அன்னையிலருந்து அது பொம்மிதான். வீட்டுல பொம்மி, தெருவுல பொம்மி. இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளை. முத்துத்தாய்னு ஒரு பேரு தனக்கு இருக்கிறதே அதுக்குத் தெரியாது.

நாந்தான் சொன்னேன். "பேரு முத்துத்தாய் தம்பி. ஆனா அப்படிக் கூப்பிட்டா அது திரும்பிப் பாக்காது. பொம்மின்னு கூப்பிடுங்க. பொம்மி, அம்மா இங்க இருக்கு, வான்னு சொன்னாப் போதும்."

அவன் பேனாவை எடுத்தான், வச்சான். "இதைத் துறைத் தலைவரிடம்தான் கேட்க வேண்டும்"னு எந்திரிச்சுப் போனான்.

துறைத் தலைவர் பேராசிரியர் மாறன்வழுதி. தும்பைப்பூ மாதிரி வெள்ளை ஜிப்பா, தோள்ல கரை வச்ச துண்டு. பெத்தவுங்க வச்ச பேரு சின்னக்கருப்பன்னும், பட்டம் வாங்கினதும் மாத்திக்கிட்டாருன்னும் மைக்செட்டுக்காரரு பெறகு சொன்னாரு. அவரு வந்து எங்க அக்காவைப் பாத்து ரெண்டு கையையும் கூப்பினாரு.

"பொம்மி என்பது வீட்டு வழக்கு, தாயே. மேடை வழக்கு அன்று. ஒரு பல்கலைக்கழகத்தின் ஒலிவாங்கியில் செல்லப்பெயர் ஒலிக்க இடம் கொடுத்தால், நாளை பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தரையும் அவர் இல்லத்தில் அழைக்கும் பெயரால் அழைக்க நேரும்."

"சார், துணைவேந்தர் தொலஞ்சு போனா நீங்க எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க. இது பிள்ளை சார்."

"குழந்தைக்கும் மாண்பு உண்டு. அதைத்தான் நாங்கள் கற்பிக்கிறோம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

சரி, எந்தப் பேராவது இருக்கட்டும், மொட்டை, செவப்புக் கவுனுன்னு சொன்னா யாராவது பிடிச்சுக் கொண்டாந்து விடுவாங்கன்னு நெனச்சு, அடையாளம் சொன்னேன். சிவனாண்டி தலையை ஆட்டுனான். "இன்று வந்த எல்லாச் செய்தியிலும் மொட்டையும் சந்தனமும் இருக்கின்றன. தங்கள் செய்தியில் தனித்தன்மை இல்லை"ன்னான். அக்கா அப்பத்தான் மொதத் தடவை வாய் விட்டு அழுதா. பெத்த பிள்ளைகிட்டத் தனியா ஒண்ணும் இல்லைன்னு சொன்னா எந்தத் தாய்க்கு வயிறு எரியாது?

"சரி தம்பி, உள்ளதைச் சொல்லிருங்க. நேரமாகுது."

"புறத்தேர்வாளர் வர வேண்டும். சென்னையிலிருந்து வருகிறார். அவர் வராமல் தேர்வைத் தொடங்க முடியாது."

"எப்ப வருவாரு?"

"காலையிலேயே வந்திருக்க வேண்டும். கூட்டத்தில் எங்கோ சிக்கிக்கொண்டார்."

"அப்ப அவரையும் தொலஞ்சு போனாருன்னு மைக்குல சொல்லிக் கூப்பிடுங்களேன்."

அவன் என்னைய ரொம்பப் பரிதாபமாப் பாத்தான். "அவர் வந்தால்தானே அய்யா ஒலிவாங்கியைத் தொடவே முடியும்?"

மைக்செட்டுக்காரரு கருப்பு அண்ணன் ஆம்ப்ளிபயர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. எனக்குத் தெரிஞ்சவரு இல்லை, ஆனாலும் போய்க் கெஞ்சினேன். "அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. பொம்மின்னு மட்டும் சொல்லிட்டு வச்சுர்றேன்."

"மைக்கு என்னுது தம்பி. பேச்சு அவுங்கது" அப்படின்னாரு. "நான் தொட்டா அடுத்த வருசம் வேற செட்டைப் பாத்துக்கிருவாங்க. மன்னிச்சுக்க."

பந்தலுக்குள்ள எங்களை மாதிரி ஒரு பத்திருபது பேரு தவிச்சுப் போயி உக்காந்திருந்தோம். யாரும் யாருகிட்டயும் பேசலை. பேசத் தெரிஞ்சதுக எல்லாம் மேடைக்குப் பக்கத்துல நின்னு கையை எப்படி நீட்டுறது, எந்த எடத்துல மூச்சு விடுறதுன்னு பழகிக்கிட்டு இருந்துச்சுக. பந்தலுக்குப் பின்னாடி பச்சைத் துணி கட்டி மறைச்சிருந்தாங்க. அதுக்கு அந்தாண்டையும் ஏதோ சத்தம் கேட்டுச்சு. சமையல் நடக்குதுன்னு நெனச்சேன்.

கடைசியில அந்தப் புறத்தேர்வாளரை ஒரு பாய்தான் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தாரு. தர்கா பக்கம் சர்பத் பந்தல் போட்டிருந்தவரு. "இவரு ஒங்க ஆளுங்களா? எம் பந்தலையே சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தாரு. கேட்டா பதில் சொல்லத் தெரியலை. ஒங்க துணியில எழுதியிருக்கிற மாதிரியே பேசுனாரு, அதான் இங்கிட்டுக் கொண்டாந்தேன்"னாரு. தேர்வாளரு தண்ணி பீய்ச்சுனதுல தொப்பலா நனைஞ்சிருந்தாரு. ஒரு காலு செருப்பைக் காணோம். அவரைப் பாத்ததும் எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சம் இல்லை. அழகரே நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு.

வந்தவரு உக்காந்தாரா, மைக்கைக் குடுத்தாங்களான்னா, இல்லை. மொத வரவேற்புரை. அப்புறம் நனைஞ்ச சட்டைக்கு மேல பொன்னாடை. அதுக்குப் பெறகு பேராசிரியரு தலைமையுரை. அந்தப் பேச்சு எனக்கு இன்னைக்கும் மனப்பாடமா இருக்கு. பிள்ளையைத் தொலச்சவன் காதுல விழுந்தது எதுவும் மறக்காது.

"அன்பர்களே! பேச்சு என்பது ஒரு செய்தியைச் சொல்வதற்காக என்ற மூடநம்பிக்கை இந்த மண்ணில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. எம் துறை அதை உடைத்தெறிந்திருக்கிறது. சென்ற ஆண்டு வரை இதே இடத்தில் ஒரு வணிகர் ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு, 'ஓடியா, ஓடியா' என்று மரபு சிறிதுமின்றிக் கூவினார். தலைமையுரை இல்லை. முன்னிலை வகிப்போர் இல்லை. நன்றியுரை இல்லை. குழந்தைகள் கிடைத்தன. நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கோட்பாட்டின்படி கிடைத்தன? அவருக்கே தெரியாது. கோட்பாடின்றிக் கிடைத்த குழந்தையைவிட, கோட்பாட்டோடு தேடப்படும் குழந்தையே சமுதாயத்துக்குப் பெருமை!"

படிக்கிற பிள்ளைக எல்லாம் கை தட்டுச்சுக. எங்களுக்குப் பக்கத்துல இருந்த ஒரு பெரியவரும் தட்டிட்டாரு, பாவம், தட்டுனாத்தான் கூப்பிடுவாங்கன்னு நெனச்சிருப்பாரு.

அடுத்து தேர்வாளரு வாழ்த்துரை. "வரும் வழியில் யாரிடம் வழி கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை. முப்பது ஆண்டுகளாக மக்கள் தொடர்பு கற்பித்து வருகிறேன். அதனால் மக்களிடம் பேசிப் பழக்கமில்லை. இங்கே ஒழுங்கான மேடையைக் கண்டதும்தான் உயிர் வந்தது"ன்னு துண்டால மொகத்தைத் தொடைச்சாரு.

அப்புறந்தான் பரீட்சை. மொத ஆளு அன்னக்கொடின்னு ஒரு பொண்ணு. ஒல்லியா, நடுங்கிக்கிட்டே வந்து நின்னுச்சு. குடுத்த செய்தி எங்க செய்திதான். அக்கா எம் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டா.

"இவ்விழாவிற்குத் தலைமை ஏற்றிருக்கும் துறைத் தலைவர், சொல்லின் வேந்தர், பேராசிரியர் மாறன்வழுதி அவர்களே, சென்னையிலிருந்து வருகை தந்திருக்கும் புறத்தேர்வாளர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியப் பெருமக்களே, ஒலிபெருக்கி உரிமையாளர் அவர்களே, என்னோடு பயிலும் நண்பர்களே, தொலைத்தோரே, தொலைந்தோரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம்."

தேர்வாளரு கையைத் தூக்குனாரு. வெயில் உச்சிக்கு வந்துருச்சு, நண்பகல் வணக்கம்னுதான் சொல்லணுமாம். அந்தப் பொண்ணு திரும்ப மொதல்லருந்து ஆரம்பிச்சுச்சு. எல்லா அவர்களையும் கூப்பிட்டு முடிச்சு, ஒரு வழியா விசயத்துக்கு வந்துச்சு.

"மேலூர் வட்டத்தைச் சேர்ந்த திரு. மொக்கைச்சாமி, திருமதி சோணையம்மாள் இணையரின் செல்வப் புதல்வி, செல்வி மொ. முத்துத்தாய் அவர்கள், தம் அன்னையார் இப்பந்தலில் வீற்றிருப்பதை அறிந்து, இங்கு வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்போடு வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்."

ஆறு பூரா, பாலம் பூரா, கோரிப்பாளையம் பூரா அது கேட்டுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. பிள்ளை வரலை.

எப்படி வரும்? செல்வி முத்துத்தாய் அவர்கள்னு கூப்பிட்டா, ஊருக்குள்ள ஒரு பெரிய மனுசியைக் கூப்பிடுறாங்கன்னுல்ல நெனைக்கும். அக்கா எந்திரிச்சு நின்னு, "அய்யா, பொம்மின்னு சொல்லுங்கய்யா, ஒரே ஒரு வாட்டி சொல்லுங்கய்யா"ன்னு தேம்பித் தேம்பி அழுதா. கை தட்டுன சத்தத்துல அது முன் வரிசையைத் தாண்டலை.

பேராசிரியருக்குக் கண்ணுல ஒரு வெளிச்சம். "மாணவர்களே, கவனியுங்கள். ஓராண்டாக நான் சொல்லி வந்த உணர்ச்சி வெளிப்பாடு இதுதான். குரல் எங்கே உடைகிறது பாருங்கள். சிவனாண்டி, பதிவு செய்தாயா?"

சிவனாண்டி டேப் ரிக்கார்டரைப் பாத்தான். பட்டனை அமுக்க மறந்துட்டான்.

பேராசிரியரு எங்க அக்காகிட்ட வந்து, நல்ல பணிவாத்தான் கேட்டாரு. "தாயே, அதை மறுபடி ஒரு முறை அழ முடியுமா? அதே இடத்திலிருந்து. பெயரைத் தவிர்த்துவிட்டு."

எனக்குக் கை பரபரன்னுச்சு. அடிச்சிருப்பேன். ஆனா அடிச்சா எங்களை வெளிய தள்ளிருவாங்க, பெறகு யாரு மைக்குல சொல்றது? அக்காவும் அதைத்தான் நெனச்சிருக்கா. அவ என்னையத் தடுத்துட்டு, மைக்குக்கு முன்னாடி போயி நின்னு மறுபடியும் அழுதா. எம் பிள்ளை, எம் பிள்ளைன்னு. பிள்ளை வேணும்கிறதுக்காகச் சொன்ன எடத்துல நின்னு சொன்ன மாதிரி அழுதா. 

அதை டேப்புல பிடிச்சு, "மாதிரி"ன்னு பேரு வச்சு, அடுத்தடுத்துப் பேச வந்த பிள்ளைகளுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் போட்டுக் காட்டுனாங்க. பேசுனதுகளும் வேற பேரைப் பேசலை. பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒரே கேள்விதானாம். அதனால ஒவ்வொருத்தரும் செல்வி மொ. முத்துத்தாய் அவர்களையே கூப்பிட்டாங்க. மத்தவுங்க பிள்ளைக அடுத்த வருசப் பரீட்சைக்கு வரும்னு நெனைக்கிறேன்.

அந்த நேரத்துல ஒருத்தன் பந்தல் வாசல்ல ஓடிக்கிட்டே, "கல்பாலத்துப் பக்கம் பள்ளத்துக்குள்ளருந்து ஒரு மொட்டைப் பிள்ளையைத் தூக்குறாங்க"ன்னு கத்திட்டுப் போனான். அக்கா அப்படியே உக்காந்துட்டா. நான் ஓடுனேன். மணல்ல காலு பொதையுது, கூட்டம் வழி விட மாட்டேங்குது, மேல குழாய்ல எங்க அக்கா அழுகுறா. எங்கிட்டுத் திரும்பினாலும் அழுகுறா. மச்சான் மொகம் ஒரு பக்கம் வந்து நிக்குது. அழகரே, என்னைய எடுத்துக்கன்னு வாய் விட்டுச் சொன்னேன்.

பள்ளத்துக்கிட்டப் போயிப் பாத்தா, அது ஒரு ஆம்பளைப் பையன். முதுகுல தட்டித் தட்டித் தண்ணியைக் கக்க வச்சுட்டாங்க, மூச்சு வந்துருச்சு. அவன் ஆத்தா அவனைக் கட்டிக்கிட்டுக் கெடந்தா. அழகருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நான் திரும்பி நடந்தேன்.

திரும்பி வந்தப்ப, பந்தலைச் சுத்திப் பின்பக்கமா வந்தேன். பச்சைத் துணிக்கு அந்தாண்ட சமையல் ஒண்ணும் நடக்கலை. பிள்ளைக அழுகுற சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை. வாசல்ல ஒரு பையன் நின்னு மறிச்சான்.

"இது மீட்கப்பட்டோர் பிரிவு. இரண்டாம் ஆண்டு மாணவர்கள். கேட்டல் திறன் தேர்வு நடக்கிறது."

"என்னது மீட்கப்பட்டோர்?"

"கூட்டத்தில் கிடைத்த குழந்தைகள். பெயர், தந்தையார் பெயர், ஊர் ஆகியவற்றை அவர்களாகவே முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்க வேண்டும்."

"அடேய், தேடுறவன் துணிக்கு இங்கிட்டு, கெடச்ச பிள்ளை துணிக்கு அங்கிட்டா? தூக்குடா துணியை."

"முடியாது அய்யா. அவர்களுக்கு அது தனித்தாள், எங்களுக்கு இது தனித்தாள். தேர்வு முடியும் வரை இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளக் கூடாது. விதி."

"எங்க பிள்ளை உள்ள இருக்கா? செவப்புக் கவுனு."

"முத்துத்தாய் என்று யாரும் இல்லை. எல்லாக் குழந்தைகளிடமும் கேட்டுவிட்டோம்."

அவனைத் தள்ளிக்கிட்டுப் போகப் பாத்தேன். நாலு பேரு வந்து பிடிச்சுட்டானுக. சத்தம் கேட்டு முன்பக்கத்துலருந்து அக்கா ஓடியாந்தா. பின்னாடியே பேராசிரியரும் வந்தாரு. எனக்கு மூச்சு வாங்குது. "அக்கா, உள்ள பிள்ளைக இருக்குக. கூப்பிடு"ன்னேன். அக்கா கூப்பிட்டா. குழாய்ல அந்நேரம் எவனோ அவர்களே அவர்களேன்னு முழங்கிக்கிட்டிருந்தான். அக்கா கூப்பிட்டது எனக்கே கேக்கலை.

பந்தல் ஓரத்துல ஆம்ப்ளிபயர்கிட்ட இருந்த கருப்பு அண்ணன் ஸ்டூலை விட்டு எந்திரிச்சாரு. எங்களைப் பாத்தாரு, பேராசிரியரைப் பாத்தாரு. அக்காகிட்ட மைக்கை நீட்டுவாருன்னு நெனச்சேன். நீட்டலை. குனிஞ்சு ஒயரைப் பிடுங்கி விட்டாரு, அம்புட்டுத்தான்.

ஆறு பூரா அடங்கிப் போச்சு. பரீட்சை ஆரம்பிச்சதுலருந்து அப்பத்தான் அந்த எடத்துல மனுசக் காதுக்கு ஒரு ஓய்வு.

"பொம்மீ."

அக்கா பெருசாக் கூடக் கத்தலை. தொண்டையில அம்புட்டுத் தெம்பு எங்க இருக்கு? வீட்டுல சோறு திங்கக் கூப்பிடுவால்ல, அந்த மாதிரித்தான் கூப்பிட்டா.

துணிக்கு அடியில மொதல்ல ஒரு மொட்டைத் தலை வந்துச்சு. சந்தனமெல்லாம் காஞ்சு உதிந்து போயிருந்துச்சு. பெறகு செவப்புக் கவுனு. தவழ்ந்து வெளிய வந்து, எந்திரிச்சு நின்னு, எங்க அக்காவைப் பாத்து, "எங்கிட்டும்மா போன நீ? எம்புட்டு நேரமா இங்கயே உக்காந்திருக்கேன்"னு வைஞ்சுச்சு. வைஞ்சுட்டுத்தான் அழுதுச்சு. நானும் அழுதேன், சொல்றதுக்கு என்ன வெக்கம்.

அம்புட்டுத்தான், பந்தல்ல இருந்தவுங்களுக்கு வெவரம் புரிஞ்சு போச்சு. ஆளாளுக்கு எந்திரிச்சு வந்து துணியைப் பாத்துக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பு, குட்டான், சின்னவனே, கருவாச்சி, தங்கம்னு ஒவ்வொரு வீட்டுப் பேரா வந்து விழுகுது. துணி அங்கங்க புடைக்குது. அந்த அன்னக்கொடிப் பொண்ணு ஓடியாந்து துணியை ஒரு பக்கமா இழுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச்சு. "சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க. எப்படியும் என்னைய ஃபெயிலாக்கிருவாங்க"ன்னுச்சு. அதுவும் எங்க பக்கத்துப் பேச்சுத்தான் பேசுச்சு.

பேராசிரியரு காதைப் பொத்திக்கிட்டாரு. "இரைச்சல்! தொடர்பியலில் இதன் பெயர் இரைச்சல்!"னாரு. தேர்வாளரு ஆமான்னு தலையாட்டி, அன்னக்கொடி பேருக்கு நேரா எதையோ கிறுக்கினாரு.

நாங்க கெளம்பப் போனோம். சிவனாண்டி ஓடி வந்து வழியை மறிச்சான். "அய்யா, மாலையில் ஒப்படைப்பு விழா இருக்கிறது. மேடையில்தான் குழந்தையை ஒப்படைக்க வேண்டும், நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துவிட்டோம். அதுவரை குழந்தையை மறுபடி உள்ளே விடச் சொல்கிறார் தலைவர்."

நான் அவனைப் பாத்தேன். பாத்த பார்வையில என்ன இருந்துச்சோ, அவன் ரெண்டு எட்டு பின்னால போயிட்டான். போயி, கொரலைத் தாழ்த்தி, "போயிருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்"ன்னான். அன்னைக்கு அவன் பேசுன மொதப் பேச்சு அது.

மேலூர் பஸ்சுல எடம் கெடச்சுருச்சு. பொம்மி எம் மடியில. அக்கா சன்னல் ஓரம், ஒரு கையால பிள்ளை காலைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. பஸ்சு கோரிப்பாளையம் முக்குல வந்து கூட்டத்துல நின்னு போச்சு. மேல கம்பத்துல குழாய். ஒயரைத் திரும்பச் சொருகிட்டாங்க போல, காலேசுப் பிள்ளைக எல்லாம் பரீட்சையை முடிக்கணும்ல. "செல்வி மொ. முத்துத்தாய் அவர்கள் எங்கிருந்தாலும் வருகை தந்து சிறப்பிக்குமாறு"ன்னு ஒருத்தன் ஏத்த எறக்கமா பேசுறான். பேசி முடிச்சதும் அந்த டேப்பு. எம் பிள்ளை, எம் பிள்ளைன்னு.

பொம்மி சன்னல் வழியா நிமுந்து குழாயைப் பாத்துச்சு.

"மாமா, அந்த முத்துத்தாய் அவர்கள் இன்னும் கெடைக்கலையா?"

நான் அக்காவைப் பாத்தேன்.

"அவுக அம்மா எம்புட்டு நேரமா அழுதுக்கிட்டே இருக்கு மாமா. அதைக் கேட்டுட்டு நாங்கூட உள்ள உக்காந்து அழுதேன். பாவம்ல?"

அக்கா திரும்பினா. பிள்ளை மொகத்தை ரெண்டு கையிலயும் எடுத்து வச்சுக்கிட்டா. கல்யாணம் முடிச்ச நாள்லருந்து வாயில எடுக்காத பேரை அன்னைக்குத்தான் எடுத்தா. "கெடச்சுட்டாடி. முத்துத்தாய் கெடச்சுட்டா."

பொம்மிக்குச் சந்தோசம். அப்புறம் கொஞ்ச நேரம் குழாயையே உத்துக் கேட்டுச்சு. அதுக்கு மொகம் வாடிப் போச்சு.

"அப்ப அந்த அம்மாகிட்ட இன்னும் யாரும் சொல்லலையா?"

பஸ்சு நகந்து மேலூர் ரோட்டுல ஏறுச்சு. எங்க அக்கா பேசாம எம் பக்கத்துல உக்காந்திருந்தா. குழாய்ல அவ அழுதுக்கிட்டே இருந்தா.